தண்ணி கூடாது

ராயபுரத்துக்கும் காசிமேட்டுக்கும் நடுவில், ஓர் அறக்கட்டளை நடத்தும் சின்ன ஆஸ்பத்திரியில் இருபத்துமூன்று வருடமாகக் கட்டு கட்டுகிறேன். பத்தாவது வரைதான் படிப்பு. புண்ணைக் கழுவுவது, மருந்து வைப்பது, துணி சுற்றுவது, தையல் பிரிப்பது, இவ்வளவுதான் என் வேலை. வருகிறவர்கள் என்னைக் கம்பவுண்டர் என்று கூப்பிடுகிறார்கள். நான் கம்பவுண்டர் இல்லை என்று ஆரம்பத்தில் கொஞ்ச நாள் சொல்லிப் பார்த்தேன். என் குரல் யாருக்கும் எட்டவில்லை, விட்டுவிட்டேன்.

இத்தனை வருடத்தில் ஐந்து தலைமை டாக்டர்களின் கீழ் வேலை செய்திருக்கிறேன். கடைசி இரண்டு பேரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

முதலாமவர் ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் வந்தாலே வராந்தா அமைதியாகிவிடும். நோயாளிகளைத் திட்டுவார். சாதாரணத் திட்டு இல்லை. மாத்திரையை ஒழுங்காக எடுக்காத ஒரு மீன்காரம்மாவிடம், "மூலக்கொத்தளம் சுடுகாட்டுல இப்பவே எடம் புடிச்சு வெச்சிக்கோ, அப்பால கெடைக்காது" என்றார். அந்த அம்மா வெளியே வந்து, "இன்னிக்கி டாக்டரு என்ன கிழி கிழின்னு கிழிச்சிட்டாரு" என்று வரிசையில் இருந்தவர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு போனார். எங்கள் பக்கத்தில் திட்டுகிற டாக்டர்தான் நல்ல டாக்டர். அக்கறை இல்லாதவன் ஏன் திட்டப் போகிறான்? எங்களையும் திட்டுவார். அவர் பேசும்போது நாங்கள் பேசியதில்லை. எனக்கு அது வசதியாகவே இருந்தது.

அவர் ஓய்வு பெற்றதும் ஓர் அம்மா வந்தார். அஸ்ஸாம் பக்கத்துக்காரர். கணவர் தமிழர், எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். இந்த அம்மா அதற்கு முன் ஏழு வருடம் இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். தமிழைப் புத்தகம் வைத்துப் படித்திருந்தார். "தாங்கள் எப்பொழுதிலிருந்து இருமுகிறீர்கள்?" என்று கேட்பார். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக.

இன்னொரு மீன்காரம்மா மருந்துச் சீட்டோடு என் அறைக்கு வந்து, "இன்னா கம்பவுண்டரே, அந்தம்மாக்கு எம்மேல இன்னா கோவம்? நான் ஒண்ணுமே பண்லியே" என்றார்.

"கோவம் எதுவும் இல்லம்மா."

"பின்ன இன்னாத்துக்கு தாங்கள் தாங்கள்னுகினு கீது? எதிராளியாண்ட பேசற மாதிரி."

எங்கள் பக்கத்தில் நீ என்றால் நம்மவர் என்று பொருள். மரியாதை கூடக் கூடத் தூரமும் கூடும். அதே நாளில் வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவர், "நல்ல எடத்துப் பொண்ணு, பேச்சுல என்ன அதபு, என்ன மரியாத" என்று சொல்லிவிட்டுப் போனார். மணலிப் பக்கம் வேலை செய்யும் பீகார் ஆட்கள் வந்தால் அந்த அம்மா இந்தியில் பேசுவார். அவர்கள் முகம் மலர்ந்துவிடும். ஒரே வரிசையில் நிற்கும் மூன்று பேருக்கு மூன்று விதமாகப் பேச வேண்டியிருந்தது. அந்த அம்மாவுக்கு இது சீக்கிரமே புரிந்துவிட்டது. மூத்த சிஸ்டரிடம் கேட்டுக் கேட்டு ஒரு சின்ன டைரியில் குறித்துக்கொண்டார். "நீர், தண்ணீர்னெல்லாம் சொல்லாதீங்க மேடம். தண்ணின்னு சொல்லுங்க, அப்பதான் இங்க புரியும்" என்று சிஸ்டர் சொன்னதும், அவர் தலையாட்டி எழுதிக்கொண்டதும் என் கண் முன்னால்தான் நடந்தது.

அவர் கொண்டுவந்த இன்னொரு பழக்கம், காலைக் கூட்டம். எட்டு மணிக்கு எல்லோரும் வட்டமாக நிற்க வேண்டும். டாக்டர், சிஸ்டர்கள் இரண்டு பேர், மருந்து கொடுக்கும் பெண், ரத்தம் எடுப்பவர், பெருக்கும் அம்மா, வாட்ச்மேன், நான். அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு முன் எல்லோரும் ஒரு வார்த்தை பேசுவார்களாம். நேற்று வேலைக்கு வந்த நர்ஸ் நிறுத்துங்கள் என்று சொன்னாலும் பெரிய டாக்டர் கத்தியைக் கீழே வைத்துவிடுவாராம்.

"இங்கேயும் அப்படியே இருக்க வேண்டும். நான் தவறு செய்தால் என்னிடம் சொல்லுங்கள்" என்றார்.

நாங்கள் தரையைப் பார்த்தோம். அவர் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். ஒன்றும் இல்ல மேடம், ஒன்றும் இல்ல மேடம் என்று வட்டம் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. கலைந்து போகும்போது பெருக்கும் அம்மா என் காதோடு, "அவங்க தப்ப நாம சொல்லணுமாமே. அப்பால சோறு யாரு போடுவா?" என்றார். அன்று முதல் தினமும் எட்டு மணிக்கு ஒன்றும் இல்ல மேடம் சொன்னோம். ஒன்றும் இல்லை என்றே அந்த அம்மா நம்பினார்.

மீன்பிடித் தடைக்காலம் தொடங்க மூன்று வாரம் இருக்கும். அது தொடங்கினால், போட்டுகள் என்று நாங்கள் சொல்லும் பெரிய விசைப்படகுகள் இரண்டு மாதம் கரையில் கட்டிக் கிடக்கும். அதனால் அதற்கு முன் கடலுக்குப் போகிற நடைகளை யாரும் விடமாட்டார்கள். அப்போது ஒரு போட்டு டிரைவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும், நல்ல உயரம். பத்து வருடச் சர்க்கரை. வலது காலில் சுண்டு விரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவில் புண். வலி தெரியாததால் நடந்துகொண்டே இருந்திருக்கிறார். அவருடைய மனைவி காசிமேட்டில் மீன் விற்பவர், அவர்தான் இழுத்து வந்திருந்தார். நான் துணியைப் பிரித்துக் காட்டுவதற்காக டாக்டர் அறையில் நின்றேன்.

டாக்டர் குனிந்து நீண்ட நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, பழகி வைத்திருந்த பேச்சில் சொன்னார். "தண்ணி கூடாது. பத்து நாளுக்குத் தண்ணி பக்கமே போகக் கூடாது. மீறினால் இந்தக் கால் போய்விடும்."

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். மனைவியின் முகம் மலர்ந்தது. "இன்னும் நல்லா சொல்லு டாக்டரம்மா. நான் சொன்னா இந்த மன்ஷன் கேக்க மாட்டறான்."

"கொஞ்சங்கூடவா கூடாது?" என்று டிரைவர் கேட்டார்.

"ஒரு சொட்டுக்கூடக் கூடாது."

"சரிம்மா. வுட்டுட்டேன்."

டாக்டர் புண்ணைப் பார்த்துச் சொன்னார். இவர்கள் இரண்டு பேரும் பாட்டிலை நினைத்துக் கேட்டார்கள். பழைய டாக்டரும் சர்க்கரைக்காரர்களிடம் முதலில் சொல்வது குடிக்காதே என்பதைத்தான். எனக்கு உடனே புரிந்தது. வாயைத் திறந்தேன். டாக்டர் அறையில், டாக்டர் சொன்ன சொல்லை, சிஸ்டர் எதிரில் திருத்துவதா என்று நினைத்ததும் வாய் மூடிக்கொண்டது. கட்டு ரூமில் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

கட்டு முடிந்து டிரைவர் மாத்திரை வாங்கப் போனார். மனைவி சீட்டுக்காக நின்றார். நான் சொன்னேன். "அம்மா, டாக்டரம்மா சொன்னது குடிக்கிற தண்ணி இல்ல. கால்ல ஈரம் படக் கூடாதுன்னு சொன்னாங்க. கடலுக்குப் போகக் கூடாதுன்னு."

அவர் கதவைப் பார்த்துவிட்டு என் பக்கம் வந்தார்.

"கம்பவுண்டரே, உனுக்குப் புண்ணியமாப் போவும். இத்த அவராண்ட சொல்லாத. இருவது வருசமா நானும் தலப்பாடா அட்ச்சிக்கினேன். இன்னிக்கித்தான் ஒருத்தர் சொல்லி வுட்டுட்டேன்னுகிறாரு. ஈரம் படாம நான் பாத்துக்கறேன். கடலுக்கும் அனுப்ப மாட்டேன்."

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போது எழுதும்போது எளிதாகத் தெரிகிறது. அப்போது எதிரில் நின்ற அந்த மனைவியின் முகத்தைப் பார்த்தேன். சரி என்று தலையாட்டினேன்.

இரண்டு நாள் விட்டுக் கட்டு மாற்ற வரச் சொல்லியிருந்தேன். டிரைவர் வரவில்லை. மனைவி மட்டும் மீன் கூடையோடு வந்து கதவோரம் நின்றார். "நான் மார்க்கெட்டுக்குப் போய்க்கிற நேரமாப் பாத்து போட் ஏறிட்டான் கம்பவுண்டரே. தடைக்கு முன்னால இன்னும் ஒரு நடைன்னு ஓனரு கூப்டாராம். வர்றதுக்கு ஒரு வாரம் மேல ஆவும். டாக்டரம்மாவாண்ட சொல்லாத, எம்மேல கோச்சிக்கும்."

மறுநாள் காலை வட்டத்தில் என் முறை வந்தது. மீன் பிடிக்கிற போட்டின் மேல்தளம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஐஸ் உருகி ஓடும், கடல் தண்ணீர் அடிக்கும், வலை ஏற ஏறத் தளமே நனைந்து கிடக்கும். டாக்டர் என்னைப் பார்த்து, "சொல்லுங்கள் அண்ணா" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஒண்ணும் இல்ல மேடம்" என்றேன்.

ஒன்பதாம் நாள் டிரைவர் வந்தார். ஷேர் ஆட்டோவில் இருந்து இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். காலில் ஒரு பிளாஸ்டிக் கவரைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார். நான் பிரித்தேன். உள்ளே நான் கட்டிய அதே துணி, ஊறிப் போய்க் கிடந்தது. சுண்டு விரல் கறுத்திருந்தது. பக்கத்து விரலின் நுனியும் நிறம் மாறியிருந்தது. வாடை அறை முழுக்கப் பரவியது. நானே டாக்டரைக் கூப்பிடப் போனேன்.

அவர் வந்து பார்த்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "தண்ணி கூடாது என்று சொன்னேனே" என்றார்.

"ஒரு சொட்டு தொடலம்மா. எங்கம்மா மேல சத்தியம். போட்ல அத்தினி பேரும் குட்ச்சிக்கினு கெடந்தானுங்க. நான் தனியா டீயக் குட்ச்சிக்கினு ஒக்காந்துகினு இருந்தேன். வேணும்னா கேட்டுப் பாரு." அவர் குரலில் பெருமை இருந்தது. ஒன்பது நாள் ஒரு பெரிய காரியம் செய்துவிட்டு அதைச் சொல்ல வந்தவர் அவர்.

டாக்டர் ஊறிய துணியைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார். சிஸ்டரிடம் திரும்பி, இவர் பொய் சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவ்வளவு ஆங்கிலம் எனக்குப் புரியும்.

கால் போகும் நிலையில் இருக்கிறது. அதற்கு மேல் இந்த மனிதனுக்குப் பொய்யன் என்ற பெயரும் வருகிறது. அதைத் தாங்க முடியவில்லை.

"அவரு பொய் சொல்லல மேடம்" என்றேன்.

சிஸ்டர் என்னை முறைத்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன். இங்கே தண்ணி என்றால் சாராயத்தையும் சொல்வார்கள், அவர் அதைத்தான் விட்டார், கடலை விடவில்லை என்று. டிரைவரின் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். டிரைவர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்களுக்கு அன்றைக்கே தெரியுமா?" என்று டாக்டர் கேட்டார்.

"தெரியும் மேடம்."

"தினமும் காலையில் கேட்டேனே அண்ணா."

"எல்லாரும் இருந்தாங்க மேடம்" என்றேன்.

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. நேரம் இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும், விரல்கள் இனி தேறாது, இன்றே போனால் பாதம் பிழைக்கும் என்று டிரைவரிடம் சொன்னார். டிரைவர், "பாக்கலாம்மா" என்றார். டாக்டர் தலையாட்டிவிட்டு மேசைக்குப் போய்க் கடிதம் எழுதத் தொடங்கினார்.

நான் பின்னாலேயே போனேன். ஒருமுறை பேசியாகிவிட்டதால் இரண்டாம் முறை கொஞ்சம் எளிதாக இருந்தது. "மேடம், பாக்கலாம்னா போக மாட்டேன்னு அர்த்தம். இன்னும் ஒரு நடை போயிட்டு தடைக்காலத்துல பாத்துக்கலாம்னு இருக்காரு."

அவர் பேனாவை நிறுத்தினார். "பழைய டாக்டர் இருந்தால் என்ன செய்வார்?"

"திட்டுவாரு மேடம். நீங்க திட்டாததால பெரிசா ஒண்ணும் இல்லன்னு நெனச்சிக்கினு இருக்காரு."

"எனக்குத் தமிழில் திட்டத் தெரியாது" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்கள் திட்டுங்கள்" என்றார்.

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் திரும்பிப் போய் டிரைவர் எதிரில் நின்றேன். என் வாழ்க்கையில் யாரையும் திட்டியதில்லை. பழைய டாக்டரின் வாயிலிருந்து வருவதைத்தான் எடுத்தேன். "யோவ், போட்டுக்குத்தான் போவியா? போ. மூலக்கொத்தளத்துல எடம் புடிச்சு வெச்சிக்கோ."

என் குரல் பாதியில் கீச்சென்று போனது. டிரைவர் சிரித்துவிட்டார். "மூலக்கொத்தளம் எங்களுக்குத் தூரம் கம்பவுண்டரே. எங்க ஆளுங்கள காசிமேட்லயே பொதச்சிடுவாங்க. உனுக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு? போய் வேலயப் பாரு." அவரைத் தாங்கிவந்த இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அப்போது டாக்டர் எழுந்து வந்தார். ஒரு ஸ்டூலை இழுத்து, டிரைவரின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார். "தவறு என்னுடையது" என்றார். "தப்பான சொல்லைச் சொன்னது நான். நீங்கள் நான் சொன்னபடிதான் நடந்தீர்கள். உங்களைப் பொய்யர் என்று நினைத்தேன். அதுவும் தவறு. என்னை மன்னித்துவிடுங்கள்."

சிஸ்டர் கையில் இருந்த தட்டைச் சத்தம் வராமல் கீழே வைத்தார். ஒரு தலைமை டாக்டர், ஒரு போட்டு டிரைவரிடம், எங்கள் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டு நாங்கள் பார்த்ததில்லை.

டிரைவரின் சிரிப்பு நின்றுவிட்டது. முகம் வெளுத்தது. மனைவி பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், "டாக்டரே மன்னிப்பு கேக்குது டீ. அப்ப நான் பொழைக்க மாட்டேனா?" என்றார்.

மனைவி அழத் தொடங்கினார். "ஐயோ, நான்தான் பாவி. கம்பவுண்டரு அன்னிக்கே சொன்னாரு."

டாக்டருக்கு என்ன நடக்கிறதென்று புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் ஜாடையில், விளக்க வேண்டாம் என்றேன். டிரைவரிடம், "இப்பவே கெளம்பினா பொழைக்கலாம். காலும் பொழைக்கும்" என்று மட்டும் சொன்னேன். இந்த முறை குரல் சரியாக இருந்தது. அவர் எதிர்த்துப் பேசவில்லை. பத்து நிமிடத்தில் வண்டி வந்தது. நான் கூடவே போனேன்.

இரண்டு விரல்களை எடுத்தார்கள். பாதத்தைக் காப்பாற்றிவிட்டார்கள்.

மன்னிப்பு கேட்டதைப் பார்த்து டிரைவர் ஏன் அப்படிப் பயந்தார் என்று டாக்டர் இரண்டு நாள் கழித்து என்னிடம் கேட்டார். இங்கே டாக்டர் திட்டினால் ஆள் பிழைப்பான், பணிவாகப் பேசினால் கை விட்டாச்சு என்று பொருள் என்றேன். அவர் முதலில் சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை. அவர் மனதாரக் கேட்ட மன்னிப்பு அது. வேறு அர்த்தத்தில் போய்ச் சேர்ந்து வேலை செய்தது. அதை நல்லது என்று எடுத்துக்கொள்வதா என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

வட்டத்தை அவர் நிறுத்திவிடுவார் என்று நினைத்தோம். நிறுத்தவில்லை. ஆனால் அதில் இப்போது யாரையும் ஏதாவது உண்டா என்று கேட்பதில்லை. அன்றைய வேலையைச் சொல்லிவிட்டுக் கலைந்துவிடுவார். அதற்குப் பதிலாக, டீ வரும் நேரத்தில் ஒவ்வொருவர் இருக்கும் இடத்துக்கும் அவரே வருவார். என் அறையில் நோயாளிகள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்து, நான் துணி சுருட்டும்போது அவரும் ஒரு சுருளை எடுத்துச் சுருட்டுவார். முதல் நாள் நான் வாயைத் திறக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, நடக்க முடியாதவர்களுக்கு மேல்மாடியில் ரத்தம் எடுப்பது கஷ்டம் மேடம் என்று சொன்னேன். அடுத்த வாரம் ரத்தம் எடுக்கும் மேசை கீழே வந்தது. பெருக்கும் அம்மா அவரிடம் என்னென்ன சொன்னாரோ தெரியாது. ஆனால் ஒரு நாள் படிக்கட்டில் இருவரும் டீயோடு உட்கார்ந்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெருக்கும் அம்மாதான் அதிகம் பேசினார்.

தடைக்காலத்தில் டிரைவர் கட்டு மாற்ற எங்களிடமே வந்தார். ஒரு நாள் மனைவி வெளியே இருக்கும்போது மெல்லக் கேட்டார். "உண்மைய சொல்லு கம்பவுண்டரே. அந்தம்மா சரக்கு கூடாதுன்னு சொல்லவே இல்ல தான?"

"சொல்லல."

"அப்ப ஒம்பது நாளு, நடுக்கடல்லகூட, சும்மானாச்சியும் காஞ்சிக்கினு கெடந்தேனா?"

"சக்கரைக்கு அதுவும் ஆவாது. அத்த டாக்டரம்மாவாண்டயே கேளு" என்றேன்.

கேட்டார். டாக்டர் என்னை அழைத்து, டிரைவரின் எதிரிலேயே, "அண்ணா, குடிப்பதற்கு இங்கே குழப்பம் இல்லாத சொல் எது?" என்றார். சரக்கு என்றேன். அவர் டைரியில் எழுதிவிட்டு, "சரக்கும் கூடாது" என்றார். டிரைவர் என்னைப் பார்த்து, "நல்லா இருப்ப நீ" என்றார். அவர் முழுக்க விட்டாரா என்பது எனக்குத் தெரியாது. குறைத்திருக்கிறார் என்று மனைவி சொல்கிறார். கடலுக்குப் போகும் நாட்களில் தொடுவதில்லையாம்.

தடைக்காலம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது அவர் கடைசியாக வந்தார். ஓனர் காத்திருப்பதாகவும், போகலாமா கூடாதா என்று இன்றே தெரிய வேண்டும் என்றும் சொன்னார். நான் துணியைப் பிரித்தேன். விரல்கள் இருந்த இடத்தில் தோல் மூடி, இளஞ்சிவப்பாக இருந்தது. ஓரங்களை அழுத்திப் பார்த்தேன். ஈரம் இல்லை, வாடை இல்லை. ஒரு மூலையில் மட்டும் வேர்க்கடலை அளவுக்கு இன்னும் ஆறாத பச்சைப் புண்ணாக இருந்தது. இருபத்துமூன்று வருடத்தில் அப்படிப்பட்ட மூலைகள் உப்புத் தண்ணீரில் திறந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

டாக்டர் வந்து குனிந்து பார்த்தார். நன்றாக ஆறியிருக்கிறது என்றார். டிரைவர் எழுந்து செருப்பைத் தேடினார்.

"மேடம், இன்னும் ரெண்டு வாரம் போகட்டும்" என்றேன். சிஸ்டர் இருந்தார். டிரைவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். மூலையைக் காட்டினேன்.

டாக்டர் மறுபடி குனிந்தார். விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தார். "ஆமாம்" என்றார். "இரண்டு வாரம்."

டிரைவர் செருப்பைக் கீழே போட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தார். நான் புதுத் துணியை எடுத்தேன்.